எதைக் கழிப்பது

அன்று எங்கள் வேலம்பாளையம் பனியன் பேக்டரியில் முதலாளி இருந்தார். கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு கோயமுத்தூரிலிருந்து வந்தவர் இருந்தார். குவாலிட்டி பார்க்கும் நான் இருந்தேன். தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களில் தெற்கத்தி அக்கா ஒருவர், ஐந்து மாத வயிற்றோடு, முன்னால் நின்றிருந்தார். பட்டன் விற்ற ராயபுரத்துக்காரர் மட்டும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

உலோகப் பட்டனில் கதிர்வீச்சு இல்லை என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சான்று கேட்டிருந்தார். மீட்டர்காரர் முதலில் வெறும் மீட்டரை வாசலில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு.

"இது எங்கயும் இருக்கறதுங்க. இதக் கழிச்சுப் போட்டு மிச்சத்தத்தான் பாக்கோணும்."

பிறகு செக்கிங் டேபிளில் இருந்த பட்டன் பெட்டிமேல் வைத்தார். இருபத்தொன்று.

முதலாளியின் முகம் செத்துவிட்டது. "கண்ணு, நீ பிசிக்ஸ் படிச்சவனாச்சே, என்னன்னு பாரு."

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். படித்ததெல்லாம் விடை தெரிந்த கணக்குகள். வாசலில் எடுத்ததை இங்கே ஏன் கழிக்க வேண்டும்? எது சாதாரணம் என்று மீட்டர் சொல்லவில்லை, மீட்டர்காரர்தான் சொல்கிறார். பெட்டியை எடுத்துவிட்டு வெறும் டேபிளில் வைக்கச் சொன்னேன். அதே இருபத்தொன்று. பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோனோம். பன்னிரண்டு.

வீடு கட்டி மிஞ்சிய கிரானைட்டை வீணாக்க மனமில்லாமல் முதலாளி செக்கிங் டேபிள்களுக்குப் போட்டிருந்தார். மீட்டரைக் கூட்டிக் காட்ட வைத்தது அந்தக் கல்; கிரானைட்டில் இயல்பாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு.

"அப்ப பட்டனுக்கு ஜீரோன்னு எழுதிக் குடுத்துருங்க," என்றார் முதலாளி.

"ஜீரோன்னு எந்த மீட்டரும் காட்டாதுங்க. எங்கயும் இருக்கறதுக்கு மேல இல்லைன்னு வேணா எழுதலாம்."

அக்கா கல்லில் கை வைத்தார். "ஏ தம்பி, நாள் பூரா இந்தக் கல்லுலதான வயித்தச் சாச்சிக்கிட்டு நிக்கேன்?"

"அது இயற்கையானதுங்கம்மா, ஒண்ணும் பண்ணாது," என்றார் மீட்டர்காரர்.

"பாம்பும் இயற்கதான். ஒங்க வீட்டம்மாவக் கொண்டாந்து நிப்பாட்டுங்க பாப்போம்."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்காமல் என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா?"

பயப்பட வேண்டிய அளவு இல்லை என்றுதான் நானும் நம்பினேன். ஆனால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை. "இவ்வளவு கொஞ்சத்துல ஆனதா யாரும் கண்டுபிடிச்சதில்லக்கா," என்றேன்.

"அப்பம் ஒனக்கும் தெரியாது." டேபிளை விட்டு விலகிப் போய் நின்றார். மற்ற பெண்களும் அவர் பின்னால் போனார்கள்.

கல்லையெல்லாம் பெயர்த்து, பிளைவுட் அடித்து, அவர்கள் மறுபடி வேலைக்கு நிற்பதற்குள் சரக்கு ஏற்ற வேண்டிய கப்பல் போய்விட்டது. சரக்கை விமானத்தில் ஏற்றினோம். கம்பெனிக்கு ஆன கூடுதல் செலவு, டேபிளையும் சேர்த்து, நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.