மாமா தின்னாத மிளகு

போன மாதம் எர்ணாகுளத்தில் அந்த வயிற்று டாக்டருக்கு இரங்கல் கூட்டம். இந்தப் பக்கத்தில் முதன்முதலாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்த்தவர். பேசியவர்களெல்லாம் குழாயைப் பற்றியே பேசினார்கள். மருத்துவம் படிக்கிற நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சட்டென்று தோன்றியது: அவருடைய சீட்டைப் பற்றி ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

குழாய் விடுவதற்கு முன் அவர் ஒரு வாரச் சீட்டு கேட்பார். வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மாமாவுக்கு வேலை. மூட்டைக்கு நாலு மிளகு கடித்துப் பார்த்து, காய்ந்ததா ஈரமா என்று சொல்வார். அவர் தலையாட்டாமல் முதலாளி சரக்கு வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் பள்ளுருத்தியில் ஒரு கல்யாணப் பிரியாணிக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் குடும்பமே கலங்கிப்போய் அவரை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனது.

மாமாவுக்குத் தமிழ்தான் எழுதத் தெரியும். டாக்டர் வாசிப்பது மலையாளம். ஆகவே சீட்டு எழுதுவது என் பொறுப்பு. தோசை, சாயா, கப்பைக்கிழங்கு, மீன்கறி என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மிளகு வரவேயில்லை. கேட்டேன்.

"அது தீனியா மோளே? அது வேலை."

எனக்கு அது ஒத்துவரவில்லை. விட்டுப்போன விடையைக் கண்டுபிடித்த துள்ளலில், அவருக்குச் சொல்லாமல் ஏழு நாள் மிளகையும் நானே சேர்த்துவிட்டேன்.

டாக்டர் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார். தினமும் இத்தனை மிளகா, அதுவும் வெறும் வயிற்றிலா என்று கேட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். குழாய் விட்டதில் புண் தெரிந்தது.

"வேலையை விட வேண்டாம், கடிக்கிறதை மட்டும் விட்டாப் போதும்."

"ரெண்டும் ஒண்ணுதான் சாரே" என்று மாமா சிரித்தார்.

புண் ஆறியது. பிரியாணி தின்றார். ஆனால் கிடங்கில் வேறொருவர் மிளகு கடிக்க, மாமா வாசலில் நின்று மூட்டைக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். நானோ நோயைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் மறந்து விடவில்லை, தெரிந்தேதான் மறைத்தார் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை அதே கிடங்குத் தெருவில் சீட்டு எழுதத் தொடங்குகிறேன். முதலில் மிளகு கடிப்பவர்கள், பிறகு தேயிலை ருசி பார்ப்பவர்கள். எழுதியதை அவரவருக்கே வாசித்துக் காட்டுவேன். அவர்கள் சரி என்று சொன்னால்தான் அந்தச் சீட்டு எந்த டாக்டரின் மேசைக்கும் போகும்.