கோளாறில்லாத பிரேக்கைத் திருத்திய நாள்

1. கார்க் கதவு

ஒரு சைக்கிள் பந்தயத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஒரு பெல்ஜியக்காரர் தன்னுடைய மெக்கானிக்கின் விரல்கள்மேல் கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டார். தொழில்முறைப் பந்தயத்தில் எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். இளையவர்கள் வாசிக்கிறார்களே, திறமை, விடாமுயற்சி என்று நாலு வரி எழுதுவோம் என்று பார்த்தேன். மனச்சாட்சி விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கனடாவில், பார்க்டேல் என்ற இடத்தில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். ஐரோப்பிய அணிகள் ரொறன்ரோவுக்கு வந்து ஓடும் ஒருநாள் பந்தயம் மறுநாள் நடக்க இருந்தது. கதவு சாத்தியவர் ஓர் அணியின் மனேஜர், பெயர் பியேர். வளைந்துபோன சைக்கிள் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். அவர் ஒரு சிகரெட் குடித்து முடிக்குமுன் நான் கம்பிகளை இறுக்கித் தளர்த்தி அதை நேராக்கிக் கொடுத்தேன். சில்லைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடையது உடைந்த ஆங்கிலம், என்னுடையது அதைவிட உடைந்தது. இரண்டையும் ஒட்டி இங்கே எங்கள் தமிழில் தருகிறேன்.

"குணா, நாளைக்கு என்ர காரில பின்சீற்றில இருப்பியோ?"

"இருப்பன் சேர்."

"மெக்கானிக் கெட்டிக்காரனா இருக்கோணும். வாயைத் திறக்கப்படாது."

முதல் பாதிக்கு நான் உத்தரவாதம் என்றேன்.

2. காலைச் சாப்பாட்டுமேசை

மறுநாள் காலை ஹொட்டேலில் பியேர் திட்டம் சொன்னார். சைக்கிள் பந்தயம் காற்றோடு நடக்கிற சண்டை. முன்னால் போகிறவன் காற்றை வெட்டிக் களைப்பான். அவன் பின்சில்லோடு ஒட்டிப் போகிறவன் பலத்தைச் சேமிப்பான். அதனால் ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவர் இருப்பார். மற்றவர்கள் அவருக்குக் காற்று மறைப்பார்கள், தண்ணீர் சுமப்பார்கள்.

எங்கள் தலைவர் லூக். எதிரணித் தலைவர் மார்க்கோ. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு முடிவுக்கோட்டில் ஒருவர் மற்றவரை முழங்கையால் இடித்தாராம். யார் இடித்தது என்று கேட்டால் இரண்டு பேரிடமும் இரண்டு பதில். அன்று தொடக்கம் பேச்சுவார்த்தை இல்லை.

மேசையின் கடைசியில் ஹெங்க் என்றொருவர் வெண்ணெய் பூசிய பாணைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது முப்பத்துநான்கு. பதினொரு வருடம் தண்ணீர் சுமந்தவர், ஒரு பந்தயமும் வெல்லாதவர். கல்யாணவீட்டில் கடைசிப் பந்திவரை பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் வீட்டுக்குப் போகிற ஆளைக் கண்டிருப்பீர்கள். அந்த முகம்.

பியேர் எல்லாருக்கும் முன்னாலேயே சொன்னார்: "ஹெங்க், உன்ர ஒப்பந்தம் இந்தப் பந்தயத்தோட முடியுது. லூக் வெண்டா அடுத்த வருஷமும் நீ இருக்கிறாய். இல்லாட்டி வீட்டை போ."

ஹெங்க் தலையாட்டினார். ஊரில் மூன்று பிள்ளைகள் இருப்பதாகப் பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார். கடித்த பாணைத் தட்டில் வைத்துவிட்டேன்.

3. பிரேக்

பாதை ஹை பார்க் என்ற பூங்காவைச் சுற்றிச் சுற்றிப் போவது. சுற்றுக்கு ஒருமுறை ஓர் ஏற்றம் வரும். ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் பியேர் ஓட்டிப் போன காரின் பின்சீற்றில் நான் மடியில் இரண்டு சில்லுகளை வைத்துக்கொண்டு இருந்தேன்.

நாலாவது சுற்றில் ஹெங்க் தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் காரடிக்கு வந்தார். களைத்திருந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "பிரேக்," என்றார். பியேரும், "குணா, பிரேக்!" என்று கத்தினார்.

நான் இடுப்புவரை வெளியே எட்டி, ஒரு கையால் அவருடைய சைக்கிள் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு பிரேக்கைப் பார்த்தேன். விடியற்காலையில் நானே பூட்டியது. மணியாக இருந்தது.

"ஒரு பிழையும் இல்லை, ஹெங்க். நல்லாயிருக்கு. போங்கோ," என்று கையை விட்டேன்.

பியேர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் அடித்தார். அதற்குப் பிறகுதான் விளக்கம் வந்தது. கோளாறு கிடையாது. மெக்கானிக் திருத்துவதுபோல நடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டக்காரர் காரைப் பிடித்துக்கொண்டு இருபது செக்கன் கால் ஆறலாம். நடுவர்களுக்கும் இது தெரியும். அளவோடு செய்தால் கண்டும் காணாதமாதிரி விடுவார்கள்.

"முதலே சொல்லியிருக்கலாமே சேர்."

"இது சொல்லித்தாற விஷயமோ?"

அடுத்த சுற்றில் ஹெங்க் மறுபடி வந்தார். இம்முறை நான் ஸ்பானரோடு எட்டினேன். நடிக்கத்தான் போனேன். ஆனால் கையில் ஸ்பானரும் கண்ணுக்கு முன்னால் ஒரு நட்டும் இருந்தால் யாழ்ப்பாணத்து மெக்கானிக் சும்மா இருப்பானா? பக்கத்தில் நடுவரின் மோட்டார்சைக்கிள் வேறு வந்துவிட்டது. பார்க்கிறாரே என்று அரைச் சுற்று இறுக்கினேன். அவர் இன்னும் பார்த்தார். நானும் இன்னோர் அரைச் சுற்று இறுக்கினேன்.

அந்தச் சுற்று முழுவதையும் ஹெங்க் பிரேக்கட்டை ரிம்மில் உரச உரச மிதித்தார். ஏற்றத்தில் அவர் சைக்கிள் அழுத சத்தம் காருக்குள் கேட்டது. பதினொரு வருடம் தண்ணீர் சுமந்த மனுஷனுக்கு நானும் என் பங்குக்கு ஒரு சுமை ஏற்றிவிட்டேன். வெட்கத்தில் முகத்தைச் சில்லுக்குப் பின்னால் மறைத்தேன்.

திரும்பி வந்தபோது ஹெங்க் என்னைத் திட்டவில்லை. "தயவுசெய்து, இனி ஒண்டையும் திருத்தாதே," என்றார். அவர் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நட்டைத் தளர்த்திவிட்டேன். அந்த நாளில் நான் உண்மையாகச் செய்த ஒரே திருத்தவேலை அதுதான்.

4. ஏற்றத்தின் இரண்டு கரைகள்

மூன்று சுற்று மிச்சம் இருக்கையில் முன்னால் மூன்று பேர் மட்டும் தனித்துப் போனார்கள். லூக், மார்க்கோ, ஹெங்க். ஹெங்க் முன்னால் நின்று காற்றை வெட்ட, மற்ற இருவரும் ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"கடைசி இருநூறு மீற்றரில மார்க்கோதான் வேகம். லூக்குக்குக் கஷ்டம்," என்று பியேர் முணுமுணுத்தார். லூக் தோற்றால் ஹெங்க் வீட்டுக்கு. நான் இறுக்கிய நட்டு மனதில் உறுத்தியது.

ஏற்றத்துக்கு வந்தபோது என் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். பார்த்தால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம். நான் காரில் போகிறேன் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார்கள். வீதியின் இடதுபக்கம் சண்முகம் அண்ணையின் ஆட்கள், வலதுபக்கம் சிவபாலன் மாஸ்டரின் ஆட்கள். ஒரு பக்கத்தில் மரநிழல் இருந்தது, மற்றப் பக்கம் வெயில். வெயிலில் நின்றவர்கள் மயங்கி விழுந்தாலும் நிழல்பக்கம் வரமாட்டார்கள்.

அந்த வசந்தத்தில்தான் சங்கத் தேர்தல் நடந்தது. அண்ணை தலைவராக வரக்கூடாது என்று மாஸ்டர். மாஸ்டர் வரக்கூடாது என்று அண்ணை. மூன்று மணிநேரம் இருவரும் ஒருவரையொருவர் மறித்ததில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற ஒருவன் எதிர்ப்பில்லாமல் தலைவரானான்.

இரண்டு கரையையும் பார்த்தேன். முன்னால் போன இரண்டு முதுகுகளையும் பார்த்தேன். எனக்கு விஷயம் வெளித்துவிட்டது.

அந்த நேரம் ஹெங்க் லூக்குக்குத் தண்ணீர் எடுக்க வந்தார். பியேர் ரேடியோவில் நடுவரோடு சண்டையில் இருந்தார். பிரேக் நாடகத்துக்கு எச்சரிக்கை வந்திருந்தது. நான் போத்தலைக் கொடுத்தேன், ஆனால் கையை விடவில்லை.

"ஹெங்க், கடைசிச் சுற்று ஏற்றத்தில நீங்க தனியப் போங்கோ."

"விசரோ? நான் லூக்குக்கு வேலை செய்யிறவன்."

"மார்க்கோ உங்களைத் துரத்தினா லூக் அவற்ற பின்சில்லில சும்மா இருந்து வந்து வெண்டிடுவார். அதால மார்க்கோ துரத்தமாட்டார். லூக் சொந்த ஆளைத் துரத்தி மார்க்கோவைக் காவிக்கொண்டு வருவாரோ? வரமாட்டார். எங்கட சங்கத்தில இப்பிடித்தான் நடந்தது!"

"எந்தச் சங்கம்?"

"அது பெரிய கதை. போங்கோ!"

ஹெங்க் என்னை ஒரு விதமாகப் பார்த்துவிட்டுப் போனார். போன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கணக்குப் பிழைத்துப்போனால் அந்த மனுஷனின் மூன்று பிள்ளைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

5. மாடுகள்போல

கடைசிச் சுற்று ஏற்றத்தில் ஹெங்க் ஆசனத்திலிருந்து எழும்பி மிதித்தார். போனார்.

"உவன் என்ன செய்யிறான்? முடிஞ்சுது. உவனை இண்டைக்கே வீட்டை அனுப்புறன்!" என்று பியேர் ஸ்டியரிங்கில் குத்தினார்.

மார்க்கோ திரும்பி லூக்கைப் பார்த்து, நீ போ என்று கை காட்டினார். லூக் தோளைக் குலுக்கினார். மார்க்கோ மிதிப்பதை நிறுத்தினார். லூக்கும் நிறுத்தினார். உலகத்தின் இரண்டு பெரிய ஓட்டக்காரர்கள் ஹை பார்க் நடுவில், தள்ளுவண்டியில் பிள்ளை கொண்டுபோகிற வேகத்தில் ஊர்ந்தார்கள்.

"ஏன் உவங்கள் மாடுகள்மாதிரி நிக்கிறாங்கள்?"

நான் வாயைத் திறக்கவில்லை. முதல்நாள் உத்தரவு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இடைவெளி இருபது செக்கன் என்று ரேடியோ சொன்னது. பியேர் குத்துவதை நிறுத்தினார். நாற்பது செக்கன் என்றது. தொப்பியை நேராக்கினார். ஒரு நிமிடம் என்றபோது என் பக்கம் திரும்பி, "நான் காலமையே யோசிச்சனான்," என்றார்.

ஹெங்க் தனியாக முடிவுக்கோட்டைக் கடந்தார். கைகளை உயர்த்தத் தெரியவில்லை. பழக்கமில்லைத்தானே. ஒரு கையை மட்டும் உயர்த்தி, அதையும் பாதியில் இறக்கி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இரண்டாமிடத்துக்கு மார்க்கோவும் லூக்கும் உயிரைக் கொடுத்து முட்டிமோதினார்கள். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

பத்திரிகைக்காரரிடம் பியேர், "இது எங்கள் திட்டம்," என்றார். ஒரு வருடத்துக்கல்ல, இரண்டு வருடத்துக்கு ஹெங்குக்கு ஒப்பந்தம் தருவதாக அந்த இடத்திலேயே சொன்னார்.

ஹெங்க் விடாமல் கேட்டதில் சங்கத்தின் அந்தப் பெரிய கதையை அவருக்கு முழுக்கச் சொன்னேன். பிறகு சில்லுகளைக் காரில் ஏற்றும்போது பியேர் பக்கத்தில் வந்தார்.

"ஹெங்க் எல்லாம் சொன்னவன். உங்கட சங்கத்தில தலைவரா வந்த அந்தத் தேத்தண்ணிக்காரன் இப்ப என்ன செய்யிறான்?"

"சில்லு ஏத்துறன் சேர்."

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

6. மட்டை

அடுத்த வருடம் ஹெங்கிடமிருந்து ஒரு தபால்மட்டை வந்தது. மூன்று பிள்ளைகளும் சுகம். பந்தயத்தில்தான் கஷ்டம். "நான் முதுகு சொறிய எழும்பினாலும் துரத்துகிறார்கள். போன கிழமை லூக்கும் மார்க்கோவும் முறைவைத்துக் காற்று வெட்டி என்னைப் பிடித்தார்கள். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள்," என்று எழுதியிருந்தார்.

மட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று சங்கக் கூட்டத்துக்குப் போனேன். சண்முகம் அண்ணையும் சிவபாலன் மாஸ்டரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். அண்ணை பிரேரித்தார், மாஸ்டர் வழிமொழிந்தார். சங்க வரலாற்றில் முதல்முறையாக எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்து என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது.

முப்பது வருட வேலையில் நான் படித்தது இரண்டு. ஒன்று, கோளாறில்லாத பிரேக்கில் கை வைக்காதீர்கள். மற்றது, முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரை ஒற்றுமையாக்க விரும்பினால் சமாதானம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். நடுவால் போய் வென்றுவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள்.