அடீனியத்துக்கு ஆகாத மண்

மைசூர் ஹெப்பாளில் நாங்கள் வேலை பார்த்த அந்தக் கம்பெனி வளாகத்தின் பின்கோடியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. காலை ஏழரை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நடக்கும்போதே அங்கிருந்து மண் சலிக்கும் ஓசை கேட்கும். அண்ணன் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன்.

அண்ணன் என்று அழைத்தேனே தவிர, என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். தோட்டவேலையை ஒப்பந்தம் எடுத்திருந்தவரிடம் அவர் தொழிலாளி. தோட்டக்கலை டிப்ளமா முடித்த நான் மேற்பார்வையாளர். என் அப்பா கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். மண் வகைகளை ஆங்கிலத்தில் எழுதுவேன், கன்னடத்தில் சொல்வேன். கரம்பை, தொழுவுரம், இலைமக்கு என்ற சொற்களையெல்லாம் அண்ணன் வாயில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

கொட்டகைக்குள் செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுவுரம், தென்னைநார்த் தூள் எல்லாம் தனித்தனிக் குவியலாகக் கிடக்கும். எந்தச் செடிக்கு எது எவ்வளவு என்பதை அவர் எங்கும் எழுதி வைத்ததில்லை. ரோஜாவுக்கென்றால் செம்மண்ணில் தொழுவுரத்தைத் தாராளமாகச் சேர்ப்பார். பெரணிக்கு இலைமக்குதான் பாதிக்கு மேல். வாசலில் வரிசையாக வைத்திருந்த அடீனியத்துக்கு மணலும் உடைத்த செங்கல்லும்தான். உரம் பேருக்கு ஒரு பிடி. அடித்தண்டு யானைக்கால் போலப் பருத்திருக்கும் செடி அது. தண்டிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வேரில் ஈரம் தங்கினால் தாங்காது. கலந்த மண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் பிடித்து, விரலால் ஒரு குத்துக் குத்துவார். உதிர்ந்தால் சரி. உதிராவிட்டால் இன்னும் இரண்டு சட்டி மணல் போடுவார். பதினோரு மணிக்கு டீ வரும்போது மண் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே, மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போன கதையைச் சொல்வார். என் வேலைநாட்களில் அந்தக் கொட்டகையைப் போல மனசுக்கு இதமான இடம் பிறகு வாய்க்கவில்லை.

ஒரு ஆடி மாதம், வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வரப்போவதாகச் சொன்னார்கள். அவர்கள் வர ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் செடிகள் தழைக்க வேண்டுமென்றால், நான்கே நாளில் இருநூறு தொட்டிகளுக்கும் மண் மாற்ற வேண்டும். செம்மண், தொழுவுரம், நார்த்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரே குவியலாகப் போட்டு எல்லாவற்றுக்கும் நிரப்பச் சொன்னேன்.

அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “ரோசாவுக்குச் சரிங்க மேடம். அடீனியத்துக்கு ஆகாதுங்க. மழை வேற விடாமப் பேயுது. அழுகிப் போயிருமுங்க.”

“அதுக்குன்னு தனியாக் கலக்க டைம் எங்க அண்ணா இருக்கு?”

“நான் சாயங்காலம் இருந்து கலக்கிக் குடுத்தர்றனுங்க.”

அவர் சொன்னபடி விட்டிருக்கலாம். ஆனால் மற்ற ஆட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நானும் படிச்சிட்டுதான் வந்திருக்கேன். சொன்னதைச் செய்யுங்க” என்றேன். அவர் குனிந்து கலக்கத் தொடங்கினார்.

மூன்றாவது வாரம் அடீனியங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தண்டை அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. முப்பது தொட்டிகளில் நான்குதான் தேறின. விருந்தினர்கள் வருவதற்கு முந்தைய நாள் மேலாளர் வாசலுக்கு வந்து, மண் கலந்தது யார் என்று கன்னடத்தில் கத்தினார்.

“நானே சார்” என்றார் அண்ணன்.

கன்னடத்திலும் தமிழிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். பொய்யும் இல்லை. கலந்தது அவர் கைதான். சொல்லிவிட்டு ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பினார். நான் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அப்பாவுக்கு வேறு முதுகுவலி வந்து வீட்டோடு இருந்தார் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நொடியில் இருந்தது வெறும் பயம். மறுநாளிலிருந்து அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கொள்ளேகாலம் சாலையில் மைத்துனர் நிலத்தில் அவர் நாற்றுப் பண்ணை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். “வாங்க மேடம்” என்று நாற்காலி போட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வேலைக்கு வருகிறீர்களா, மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க. இங்கயே வேலை கெடக்குது” என்றார். சாய்ந்திருந்த ஒரு நாற்றுப் பையை நிமிர்த்தி வைத்துவிட்டு, “அன்னைக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தனுங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அந்த மோரைக் குடித்து முடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நானே தோட்டவேலை ஒப்பந்தம் எடுக்கிறேன். செடிகளை அண்ணனிடமிருந்துதான் வாங்குகிறேன். மேடம் என்று கூப்பிடுவதை மட்டும் அவர் விடவில்லை. ஆனால் அன்று நடந்ததை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. மழையில் ஒருமுறை செடிகளெல்லாம் போய்விட்டன என்றுதான் என் கணவரிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

போன மாதம் கணவரும் என்னோடு பண்ணைக்கு வந்தார். சுற்றிப் பார்த்தவர், பூத்திருந்த ஒரு அடீனியத்தைக் கையில் எடுத்தார். செடி வாங்க வந்த நாலைந்து பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். “இது நம்ம வீட்டுல அழுகிடாதா? உங்க கம்பெனியில எல்லாம் போயிடுச்சுன்னு சொன்னியே” என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “அது அந்த வருசம் மழை ஜாஸ்திங்க. யாரு என்ன பண்ண முடியும்?”

“மழை இல்ல” என்றேன். சற்று உரக்கவே வந்துவிட்டது. “அந்த மண்ணு ஆகாதுன்னு இவர் அன்னைக்கே சொன்னார். நான்தான் கேக்கல. கடைசில இவர் வேலைதான் போச்சு. நான் பக்கத்துலயே நின்னுட்டு வாயே திறக்கல.”

செடி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கணவரிடமிருந்து அந்தத் தொட்டியை வாங்கிக்கொண்டு, வீட்டில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று என்னைக் கேட்டார்.