அடைத்த சரிவும் முனியம்மாவின் ஆடுகளும்

ஊர் வாட்டர்ஷெட் குழு தீர்மானம் போட்டது வெள்ளிக்கிழமை காலை. செவ்வாய்க்கிழமையே தகராறு.

கே.ஜி.கண்டிகைக்கு அப்பால் உள்ள குன்றுச் சரிவை மூன்று வருடம் மேய்ச்சலுக்கு அடைப்பதென்று முடிவு. செடி பிடித்தால் மண் அரிப்பு நிற்கும், கீழே கிணறுகளில் நீர் ஊறும். வாட்டர்ஷெட் என்னும் மழைநீர் காக்கும் திட்டத்தின் களப்பணியாளராக நான்தான் விளக்கிப் பேசினேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கிணறு வைத்திருப்பவர்கள்.

செவ்வாயன்று திருத்தணியில் பஸ் ஏறும்போதே குழுத் தலைவர் போன் செய்தார். முனியம்மாவின் ஆடுகள் சரிவில் ஏறிவிட்டனவாம். பிடித்துப் பழைய ரேஷன் கடைக்குள் அடைத்திருக்கிறார்களாம். முனியம்மா அவருடைய மனைவியின் தங்கை. கணவர் இல்லை, நிலமில்லை, ஆடுகள்தான் பிழைப்பு. சொந்தம் என்று விட்டுவிட்டதாக ஊர் பேசுமே என்று அவருக்குப் பயம். பஸ் நகர்ந்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

போய்ப் பார்த்தால் தலைவர் வீட்டு வாசல் முழுக்கப் பால்குடிக் குட்டிகள். தூக்கிவந்து கட்டிவிட்டு நின்றிருந்தார் முனியம்மா. குட்டிகள் இங்கே கத்த, தாய்கள் ரேஷன் கடையில் கத்தின. தலைவரின் மனைவி கதவோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். முனியம்மா அக்கா கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"தாயிங்கள அடச்சி வச்சிகினு கீற பாவா, குட்டிங்களயும் நீயே வச்சிக்க. பால் எப்டி ஊட்றதுன்னு சார் சொல்லிக் குடுப்பாரு."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மே."

"ஆங், ஒண்ணுதான். உன் கெணத்துல தண்ணி ஊறும். என் ஆடு நாளைக்கு எங்க மேயும்? அத்த சொல்லு, ஓட்டிகினு போறேன்."

புல்லை அறுத்துவந்து கொட்டகையில் போடலாமே என்றேன், பயிற்சியில் படித்தபடி.

"புல்லு இல்லன்னுதான சார் அடச்சீங்க?"

தலைவர் என்னைப் பார்த்தார். குழுவைத் திரும்பக் கூட்டுங்கள் என்றேன்.

சாயங்காலம் குழு மறுபடி கூடியது. செங்குத்தான மேல்பாதியை மட்டும் அடைப்பது, கீழ்ப்பாதியில் மேய்க்கலாம் என்று முடிவானது. முனியம்மாவும் குழுவில் சேர்க்கப்பட்டார். ரேஷன் கடையைத் திறந்ததும் தாய்கள் தலைவர் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தன.

ஐப்பசி மழையில், நீரைத் தேக்கக் கீழ்ப்பாதியில் வெட்டியிருந்த டிரெஞ்சுகள், ஆடுகள் மிதித்த இடங்களில் சரிந்தன. திரும்ப வெட்டினோம். அடுத்த மழைக்கும் சில சரிந்தன. அன்று செய்தது சரிதானா என்று இன்னமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூட்டத்துக்கு வந்தவர்களை எண்ணித் திருப்திப்படாதீர்கள். வராதவர்களைத் தேடிப் போங்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஆட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பார்கள்.