வலப்பக்கத்துப் பெட்டி

அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவற்றின்மேல் மீன் வாசனை அடித்தது. ஆட்டோவில் ஏற்றினால் ஓரம் உடைந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டினப்பாக்கத்தில் மீன் இறக்கிவிட்டுச் சும்மா நின்றிருந்த ஒரு மூன்று சக்கர "மீன்பாடி வண்டி"யைப் பிடித்து, அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு அவற்றை அனுப்பிவைத்திருந்தார் பெரிய மாமா. முன்பக்கத்துக் கறுப்புத் துணியில் மூக்கை வைத்தால் சங்கரா மீனும் டீசலும் கலந்து வீசும். அம்மா சாம்பிராணி காட்டினாள். மறுநாள் சாம்பிராணியும் மீனும் சேர்ந்த மூன்றாவது வாசனை ஒன்று வீடு முழுக்கப் பரவியது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக் கூடாது, ஏனென்றால் அவை மாமா கொடுத்தவை.

பெரிய மாமா அம்மாவின் ஒரே அண்ணன். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் மேலாளராக இருந்தார். தகப்பன் இல்லாத தங்கையைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் என்பதால் அம்மாவுக்கு அவர் தெய்வத்துக்கு ஒரு படி கீழே. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், கட்டில், என் சைக்கிள் எல்லாமே முதலில் அவர் வீட்டில் வாழ்ந்து முடித்துவிட்டுப் பிறகு எங்களிடம் வந்தவைதான். ஒவ்வொன்றோடும் ஒரே வாசகம் கூடவே வரும்: "நல்லாதான் இருக்கு, தூக்கிப்போட மனசு வரல." அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

இந்தத் தடவை மாமா ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தார். பழைய பெட்டிகளை எங்களுக்குக் கொடுத்தவர், அவற்றைப் பாடவைத்த ஆம்ப்ளிஃபயரை மட்டும் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டார். ஆக எங்களிடம் இரண்டு வாய்கள் இருந்தன, குரல் இல்லை. ஒரு பெட்டியின்மேல் அம்மா பூந்தொட்டி வைத்தாள், இன்னொன்றின்மேல் இஸ்திரி போடவேண்டிய துணி ஏறிக்கொண்டது.

அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் விற்பனையாளர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து சேர்ந்தவர், அன்றிலிருந்து நின்றுகொண்டிருந்தார். விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கடைகளில் எழுதாத சட்டம். வீட்டுக்கு வந்ததும் வாளி வெந்நீரில் பாதங்களை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். கடையிலும் நாள் முழுக்கப் பாட்டு ஓடும், ஆனால் பல்லவி முடிவதற்குள் நிறுத்திவிட்டு, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை உடனே எடுக்கச் சொல்லி அறிவிப்பார்கள். "உக்காந்த எடத்துல ஒரு பாட்ட முழுசா கேக்கணும், வேற ஒண்ணும் வேணாம்" என்பார். அதனால் ஒரு "ஆம்ப்ளி" வாங்குவதென்று முடிவானது. நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை அது. அட்டைப்பெட்டிகளில் உள்ள இங்கிலீஷைப் படித்துச் சொல்ல என்னையும் கூட அழைத்துப்போனார்.

வாரத்தில் ஒரு நாள்தான் அவருக்கு விடுப்பு. அந்தக் கோடையின் அத்தனை விடுப்புகளும் இதிலேயே போயின என்றால் நம்புவது கஷ்டம், ஆனால் அப்படித்தான் போயின. கையில் இருந்ததோ கொஞ்சம் பணம், கேட்ட யோசனைகளோ ஊர்ப்பட்டவை. மாடி வீட்டு எலெக்ட்ரீஷியன் நூறு வாட்ஸுக்குக் குறைந்தால் பெட்டி இழுக்காது என்றார். கடையில் அப்பாவோடு வேலை பார்த்தவர் நூறு வாட்ஸ் கொடுத்தால் பெட்டி கிழிந்துவிடும் என்றார். காருக்குப் போடும் செட்டை வாங்கி பேட்டரியில் ஓட்டச் சொன்னார் ஒருவர். லஸ் முனையில் கேசட் விற்றுக்கொண்டிருந்தவர், பெட்டிகளை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். ஒவ்வொருவர் சொன்னதும் அப்பாவுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் அவருடைய வியாதி.

கடைகளில் அவர் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சூடாகிறது. ஒவ்வொரு செட்டையும் எடுக்கச் சொல்வார், சொருகச் சொல்வார், சத்தம் கூட்டச் சொல்வார், குறைக்கச் சொல்வார், பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்வார், என்னை எல்லா எழுத்தையும் வாசிக்கச் சொல்வார். பிறகு, "பாத்துட்டு வரோம்" என்று வெளியே வந்துவிடுவார். நாள் முழுக்க நூறு புடவை பிரித்துப் போட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்துபோகிறவர்களுக்குக் கும்பிடு போடுகிற மனிதர், வாரத்தில் ஒரு நாளாவது பிரிக்கச் சொல்கிற பக்கம் நின்று பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. கடைக்காரர்களின் முகத்தைப் பார்க்கக் கூசி, மே மாத வெயிலில் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். "ஏதாவது ஒண்ண வாங்கிட்டு வாங்களேன், பொட்டி மேல துணி மடிச்சு வெச்சே எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள் அம்மா.

கடைசியில் ராயப்பேட்டையில், பழைய ரேடியோக்களுக்கு நடுவே உட்கார்ந்து சொந்தமாக ஆம்ப்ளி கட்டி விற்கும் சலீம் பாயிடம் போய்ச் சேர்ந்தோம். அப்பா ஆரம்பிக்கும் முன்பே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பொட்டி பின்னால எட்டு ஓம்ஸ்னு போட்டுக்கீதா? வூடு எத்தினி பெருசு? ரெண்டு ரூமா? அப்ப இது போதும் சார். மத்ததெல்லாம் அட்டையில எழுதிக்கிற வாட்ஸ், காதுல கேக்கற வாட்ஸ் இல்ல." சின்ன இரும்புப் பெட்டி, முன்னால் மூன்று திருகுகள், கேசட் சொருக ஓர் இடம். வேறு கடைகளில் அலைந்த களைப்போ, பாயின் குரலோ, அப்பா அன்றைக்கே வாங்கிவிட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினால் இடது பெட்டி மட்டும்தான் பாடியது. பாடகியின் குரல் வந்தது, வயலின் எங்கோ மங்கலாகக் கேட்டது. வலது பெட்டி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தி வயர குடுத்துப் பாக்கலாம்பா" என்றேன். கோளாறு பெட்டியிலா செட்டிலா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"ஒனக்கு என்ன தெரியும்? மாமா வீட்டுல வருசக்கணக்கா ஓடுன பெட்டி அது. கோளாறு நாம வாங்குனதுலதான் இருக்கும்" என்றார் அப்பா. தான் வாங்கிய எதையும் நம்பாத மனிதர், மாமா கொடுத்த எதையும் சந்தேகப்படத் துணியாதவர். அடுத்த விடுப்பில் செட்டைத் தூக்கிக்கொண்டு ராயப்பேட்டை போனோம். அங்கே இரண்டு பக்கமும் பாடியது. இருந்தாலும் பாய் வேறு செட் கொடுத்தார். அதுவும் வீட்டில் ஒரு பக்கம்தான். மறுபடியும் வயரை மாற்றச் சொன்னேன், அப்பா மறுபடியும் சும்மா இருக்கச் சொன்னார். அதற்கடுத்த விடுப்பில் கடைக்குள் நுழைந்ததுமே, அங்கே நின்ற நாலு பேர் முன்னிலையில், "ஏமாந்தவன்னு நெனச்சுட்டீங்களா பாய்?" என்று சத்தம் போட்டார். அப்பா சத்தம் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை வேறு எங்காவது, யாரிடமாவது போட்டிருக்கலாம்.

பாய் கோபப்படவில்லை. "இங்க பாடுது, உங்க வூட்ல பாடலன்னா நானே வந்து பாக்கறேன், அட்ரஸ் குடுங்க" என்றார். சாயங்காலம் சொன்னபடி வந்தார். கையில் கருவிப் பெட்டி கிட்டி ஒன்றும் இல்லை, சட்டைப் பையில் ஒரு டார்ச் லைட் பேட்டரி மட்டும். இடது பெட்டியின் வயரை அதில் தொட்டார். "டப்" என்றது. வலது பெட்டியின் வயரைத் தொட்டார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தொட்டார். எங்கள் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி, பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "உள்ள கம்பி சுத்தின காயில் போயிடுச்சு சார். இன்னிக்கு நேத்திக்குப் போனது இல்ல, துரு புடிச்சிக்கினு கீது. எங்க வாங்குனது?"

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அம்மா பாய்க்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். "மச்சான் குடுத்தது. வீட்டுல தெரிய வேணாம். சரிபண்ணிக் குடுத்துருங்க" என்றார் தணிந்த குரலில். பிறகு, "கடையில அப்பிடிப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க பாய்." பாய் சிரித்தார். "அத்த வுடுங்க சார். நானும் துணிக் கடைக்குப் போனா அப்படித்தான் கத்துவேன்."

மூன்றே நாளில் காயில் மாற்றி வந்துவிட்டது. அப்பா உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பாட்டை முழுசாகக் கேட்டார். எனக்கோ பாட்டே காதில் ஏறவில்லை. முதல் நாளே நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை வரவில்லை. மாமா செத்த பெட்டியைத் தலையில் கட்டினார் என்பதையும் சொல்லக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் சாப்பிட வந்தார்கள். மீன் குழம்பு. மாமா பாட்டைக் கேட்டுவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார், அவருக்கு வலது பக்கத்தில் அப்பா. "பாத்தியா மாப்ள, இன்னா சவுண்டு. இத்தினி வருசத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் கெடையாது" என்றார் மாமா.

அப்பா அதே சிரிப்பைச் சிரித்தார். "ஆமா மச்சான்."

நான் சொல்லிவிட்டேன். "ஒரு பெட்டி செத்துப்போயிருந்துச்சு மாமா. எப்பவோ போனதாம். பாய் வந்து சரிபண்ணிக் குடுத்தார். அதுக்கு நாங்க மூணு வாரம் அலைஞ்சோம். உங்களுக்குத் தெரியாதா?"

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா, "எந்திரிச்சுப் போ" என்றார். மாமா என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்து, "எந்தப் பெட்டி?" என்று கேட்டார். அவர் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை, பயம் இருந்தது.

பதில் சொன்னது அத்தை. "அவருக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு பக்கம் பாடுதா ரெண்டு பக்கமும் பாடுதான்னு அவருக்குத் தெரியாது. வலது காது போய் நாலு வருசமாகுது." மாமா, "சும்மா இரு" என்றார். "எத்தினி நாளைக்குங்க மறைக்கறது?" என்றாள் அத்தை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, காலையில் எழுந்தபோது ஒரு பக்கம் சுத்தமாக அடைத்துப்போயிருந்ததாம். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். செவிட்டுக் குடும்பம் என்று பேச்சு வந்துவிடும் என்று கூடப்பிறந்த தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாததை, பேசினால் பதில் சொல்லாததை எல்லாம் நாங்கள் மேலாளர் கர்வம் என்று எடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா மட்டும் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தார். பிறகு, கொஞ்சம் உரக்கக் கேட்டார். "மச்சான், அப்ப மூணு வருசம் முன்னால, பொங்கலன்னிக்கு, இதே மாதிரி பக்கத்துல உக்காந்து நான் ஒண்ணு கேட்டேனே. அது?"

"இன்னா கேட்ட?"

அப்பா பிசைந்த கையை இலையில் உதறினார். "ஒண்ணுமில்ல மச்சான்."

பிறகு எழுந்து, தன் இலையை இரண்டு கையாலும் குழம்பு சிந்தாமல் தூக்கிக்கொண்டு மாமாவைச் சுற்றிவந்து, அவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தார்.

என்ன கேட்டார் என்பது எனக்குப் பல வருடம் கழித்து, மாமாவின் காரியம் முடிந்த அன்று அப்பா சொல்லித்தான் தெரிந்தது. மாமாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறார். மாமா பதில் சொல்லாமல் அப்பளத்தை நொறுக்கினாராம். அந்த அப்பளச் சத்தத்தை மூன்று வருடம் மனதில் வைத்துக்கொண்டு, அவர் கொடுத்த ஃப்ரிட்ஜில் தண்ணீர் வைத்துக் குடித்திருக்கிறார். சரி, அன்று விஷயம் தெரிந்துவிட்டதே, கேட்கும் காதின் பக்கம்தானே போய் உட்கார்ந்தார், திருப்பிக் கேட்டிருக்கலாமே? "அவர் காதப் பத்தி வீடே அழுதுகிட்டு இருக்கும்போது எனக்கு வேல கேக்குறதா?" என்றார். அதற்கு அடுத்த வாரம்? அதற்கு அடுத்த வருடம்? ஓய்வு பெறும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார்.

இப்போது அந்த வீடும் இல்லை, இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பெட்டிகளின் துணி கிழிந்து, பஞ்சு உதிர்ந்து, வீட்டைக் காலி செய்த அன்று பழைய சாமான்காரரோடு போய்விட்டன. சலீம் பாயின் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். மாமா போய் ஆறு வருடம். என் வார்த்தைக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அப்பாவின் மகள்தானே.

அப்பாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. சாயங்காலம் பிடித்துக்கொண்டு நடத்திப்போக வேண்டியிருக்கிறது. லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டு, சாலையின் இடது ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. நான் ஓரத்தில் நடக்கிறேன், நீங்கள் உள்பக்கம் வாருங்கள் என்று தினமும் சொல்கிறேன். பேச்சு ஆரம்பித்ததும் கையை உதறிக்கொண்டு எனக்கு இடது பக்கமாக வந்துவிடுகிறார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும், "அது அப்பிடியே பழகிருச்சும்மா" என்று பள்ளத்தின் ஓரமாகவே நடந்துவருகிறார்.