அம்புரோஸின் பாகம்

அம்புரோஸ் இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிக்கு ஆறடி. 1929இல் துறைமுக ஆபீசின் பித்தளைப் பூண் போட்ட ஆறடிக் கோலை அவர் மார்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். நூலிழை வித்தியாசம் இல்லை. அன்று முதல் தூத்துக்குடித் தோணிகளின் ஆழம் பார்க்கும் கயிறுகளுக்கு அவரே அளவு கட்டினார். தோணி கரையை நெருங்கும்போது ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டுப் பார்ப்பார்கள். கயிற்றில் பாகக் கணக்குக்கு அடையாளங்கள் இருக்கும்: தோல், வெள்ளைத் துணி, சிவப்புத் துணி. பாகம் என்பது ஓர் ஆளின் விரித்த கைகளின் நீளம். எந்த ஆள் என்ற கேள்விக்குத் தூத்துக்குடியில் பதில் இருந்தது.

அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்வதற்கில்லை. கவனமானவர், அவ்வளவுதான். காய்ந்த கயிறு நனைந்தால் சுருங்கும் என்பதால் கயிற்றை நனைத்து, குண்டைத் தொங்கவிட்டு, அது இழுத்து முடித்த பிறகே அளப்பார். கோல் ஆபீஸ் அலமாரியிலேயே கிடந்தது. நீண்ட காலம் சரியாக இருந்துவிட்ட ஒன்றை யாரும் திரும்பச் சோதிப்பதில்லை.

1943 ஆனியில், கயிறுகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் ஏணியிலிருந்து விழுந்தார். இடது முழங்கை பிசகியது. கட்டு வைத்தியர் முட்டைப் பற்றுப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாற்பத்தோராம் நாள் கட்டை அவிழ்த்தபோது வலி இல்லை. கை சற்று வளைந்திருந்ததைச் சிலர் பார்த்திருக்கலாம். அதைக் கயிற்றோடு சேர்த்து நினைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த வருடம் பதினோரு கயிறுகளுக்கு அளவு கட்டினார்.

அவற்றில் ஒன்று, தோணியோட்டும் தலைவரான வில்பிரட் தண்டலின் தோணிக்கு. 1944 மாசியில் அந்தத் தோணி கொழும்பிலிருந்து கொப்பரை ஏற்றி வந்தது. முயல் தீவுக்கு வெளியே காலைப் பனி. சரக்கோடு தோணி பதினொன்றரை அடி அமிழ்ந்திருந்தது. இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி, இருக்கும்வரை ஊர்ந்து போகலாம்; குறைந்தால் நங்கூரம் என்பது தண்டலின் உத்தரவு. தோணியின் முன்பக்கம், அணியத்தில் நின்று கயிறு விட்ட கிளாட்வின், “ரெண்டு” என்று கூவினான். மறுபடியும், “ரெண்டு.” தோணி தரை தட்டியது. பாய்மரம் முறிந்து அணியத்தின் மேல் விழுந்தது. செத்தது அவன் ஒருவன்தான்.

கடற்கரையில் விசாரணை சீக்கிரம் முடிந்துவிட்டது.

“அம்புரோஸ் கட்டின கயிறுல்லா. அது எங்க தப்பப் போவுது? கூவுனவன்தான் தப்பாக் கூவிருக்கான்.”

“கொழும்புச் சரக்கு உள்ள போயிருக்கும்.”

கிளாட்வின் குடிக்காதவன். அவன் மனைவி பிளாரன்ஸ், மீட்டெடுத்த கயிற்றோடு அம்புரோஸிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, இத ஒருக்க அளந்து பாருங்க. அவரக் குடிகாரன்னு சொல்லுதாங்க.”

அம்புரோஸ் கயிற்றை நனைத்தார். தொங்கவிட்டார். கைகளை விரித்து அளந்தார். தோல் வரவேண்டிய இடத்தில் தோல் வந்தது. மூன்று முறை அளந்தார்.

“கயிறு சரியாத்தான் இருக்கு, தாயி.”

அவள் கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகுதான் அவருக்கு அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது. ஜவுளிக்கடைக்காரர் துணியைக் கெஜம் போடும்போது, “ஒண்ணு” கடைக்காரர் குரலில் வரும். “ரெண்டு” கிளாட்வின் குரலில் வரும். உப்பு மூட்டை எண்ணும் இடத்திலும் அப்படியே. நட்ட நடுப்பகலில் நின்று திரும்பிப் பார்ப்பார். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கையில் பிடித்திருப்பதைப் பார்த்துச் சொல்லுகிறவனின் நிதானம் அதில் இருந்தது. தப்பாகக் கூவியவன் அப்படிக் கூவமாட்டான்.

கிறிஸ்துமஸ் சட்டைக்கு அளவு கொடுக்க எஸ்றா டெய்லரிடம் போனார். யுத்தகாலம், துணி ரேஷன்.

“பொட்டுத் துணி மிஞ்சாது அண்ணாச்சி. கைய நல்லா நீட்டுங்க.”

“நீட்டித்தான இருக்கேன்.”

“வலது கைய இல்ல, எடது கைய.”

“அதத்தாம்ல சொல்லுதேன்.”

எஸ்றா சிரித்தார். “கொடுக்காப்புளி மாதிரில்லா வளஞ்சு நிக்கி. நல்லதுதான், மிச்சத் துணி எனக்கு.”

அம்புரோஸ் கடைக் கண்ணாடியின் முன் இரு கைகளையும் விரித்தார். அவர் உணர்வுக்கு நேராக இருந்த கை கண்ணாடியில் நேராக இல்லை. அளவை முடிக்காமலே துறைமுக ஆபீசுக்கு நடந்து கோலைக் கேட்டு வாங்கினார். விரித்த கைகள் அதற்கு மூன்று அங்குலம் குறைந்தன. இரண்டு பாகத்துக்கு அரையடி. கயிறு பன்னிரண்டு அடி காட்டிய இடத்தில் பதினொன்றரை அடிதான் இருந்திருக்கிறது. கிளாட்வின் கண்டதைத்தான் கூவியிருக்கிறான்.

பதினோரு கயிறுகளையும் ஏதாவது சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது. கிளாட்வின் குடிகாரனாகவே இருப்பான். ஆபீஸ் குமாஸ்தா இரண்டு தடவை கூப்பிடும்வரை கோலைப் பிடித்தபடி நின்றார். பிறகு ஞாயிறுவரை அதை இரவல் கேட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தோணிக்கரைக்குத் தண்டல்களை அழைத்தார். சொல்லியனுப்பியிருந்தபடி பிளாரன்ஸ் கயிற்றைக் கொண்டுவந்தாள். நனைத்த கயிற்றின் மேல் வில்பிரட் இரண்டு முறை கோலை வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு பாகத்துல அரையடி குறையுது.”

“கை வளஞ்சு போச்சு, தண்டல். எனக்குத் தெரியல.”

“அளந்து பாத்தேன்னு சொன்னீரே?”

“வளஞ்ச கையாலதான அளந்தேன்.”

பின்னால் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார். வில்பிரட் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “கிளாட்வின் சரியாத்தான் கூவிருக்கான்.” மற்ற தண்டல்கள் தங்கள் கயிறுகளை அவிழ்க்கப் போனார்கள்.

பிளாரன்ஸ் மட்டும் நின்றாள்.

“அன்னைக்கு நான் பொய் சொல்லல, தாயி.”

“தெரியும் அண்ணாச்சி. பொய் சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். உங்கள நம்பி நானும் அவரச் சந்தேகப்பட்டுட்டேன்.”

கயிற்றை மணலிலேயே விட்டுவிட்டு அவள் போனாள். அம்புரோஸ் வெயிலில் நின்று இடது கையை நீட்டினார். மடக்கி மறுபடியும் நீட்டினார். அவருக்கு அது நேராகத்தான் இருந்தது.