செயின்மேனின் தொப்பி

போன மாதம் செஞ்சியில் அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஒத்தாசை செய்கிறேன் என்று போய் நின்ற நான், அலமாரித் தலையிலிருந்து பழைய ரேடியோ, கம்பி நீட்டிய குடை, அம்மாவின் ஊறுகாய் ஜாடி என்று ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், தையல் மெஷின் மூடிக்குக் கீழே, அப்பளம்போல் நசுங்கிக் கிடந்தது நைனாவின் ஃபெல்ட் தொப்பி. சாம்பல் நிறம். விளிம்பில் பூச்சி அரித்த ஓட்டைகள் நாலைந்து.

"தூக்கிப் போட்டுடலாமா பாப்பா?" என்றார் அண்ணன். கேட்டாரே தவிர, வாங்குவதற்குக் கையை நீட்டவில்லை. எனக்கு ஐம்பத்து நாலு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

நைனா, எங்கள் அப்பா, சர்வே இலாகாவில் செயின்மேன். சர்வேயர் நிலம் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வரப்பும் முள்ளும் பாராமல் நடக்கிற ஆள். இன்றைக்குத் தொண்டூர், நாளைக்குத் தளவானூர், அடுத்த நாள் அனந்தபுரம். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது. மேலே சூரியன் ஒரு பக்கம் காய்ச்சினால், சுற்றியிருக்கிற பாறைகள் வாங்கி வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் காய்ச்சும். ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர், போகிற அன்று தன் தொப்பியைக் கழற்றி நைனாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். முழங்காலுக்குமேல் மடித்த வேட்டி, காக்கிச் சட்டை, தலையில் வெள்ளைக்காரத் தொப்பி. அந்த வேஷத்தில் நைனா சைக்கிளில் வருவார். எனக்கு அப்போது அது அழகாகத்தான் இருந்தது, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட நைனா பள்ளிக்கூடத்துக்கு வந்தார், வயலிலிருந்து நேராக, சங்கிலிப் பையோடு. மாடி வராந்தாவில் நின்ற பிள்ளைகள், "ஏய், தொரை வர்றாருடி" என்று கத்தினார்கள். மணி அடிக்கும்வரை சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை இப்போது எழுதும்போதும் விரல் தயங்குகிறது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "இனிமே அந்தத் தொப்பியப் போடாத நைனா. அசிங்கமா இருக்குது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் சுவர் ஆணியில் தொப்பி இல்லை. அதற்கப்புறம் அவர் தலையில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

அண்ணன் இதை மறக்க விடவில்லை. எனக்கும் அவருக்கும் எதில் சண்டை வந்தாலும், மாடு விற்றதோ மருமகள் பேச்சோ எதுவானாலும், கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். "அந்த மனுஷன் ஆசையா போட்டுனு இருந்தது அது ஒண்ணுதான். உன் ஒரு வார்த்தைல வுட்டுட்டாரு."

நைனாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அவரோடு வேலை பார்த்த இன்னொரு செயின்மேன் மாரிமுத்து எங்களிடம் ஒன்று சொன்னார். தொப்பி கிடைத்த புதிதில், ஒரு கிராமத்தில் நிலத்துக்காரர், விற்பதற்காகத் தன் நிலத்தை அளக்கக் கூப்பிட்டிருக்கிறார். நைனாவைப் பார்த்ததும், "காலனிக்காரன் தொப்பி போட்டுனு என் நெலத்துல நிப்பானா? எடுக்கச் சொல்லு" என்றிருக்கிறார். அப்போதிருந்த சர்வேயரும், "எடுத்துடேம்பா, வேல ஆவட்டும்" என்றிருக்கிறார்.

"உங்க நைனா சங்கிலியக் கீழ வச்சாரு. வெயில் சாயட்டுங்க, எடுத்துடறன்னாரு. கோவமே இல்ல. அப்படியே நின்னாரு."

நிலத்தை வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். நிலத்துக்காரருக்கு வேறு வழியில்லை. அளந்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதும் நைனா தாமாகவே தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாஞ்சிடுச்சிங்க" என்றாராம்.

கேட்டு அண்ணன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஊரே சொல்லி எடுக்காதவர், நான் சொன்னதும் எடுத்துவிட்டார் என்பது மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான் தொப்பியைக் குப்பையில் போட விடாமல், சரிசெய்ய முடியுமா என்று கேட்கப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போனேன். அங்கே பழம்பொருள் விற்கும் ஒரு பெரியவர், தொப்பியின் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே, நெற்றியில் படும் தோல் பட்டையைப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் குட்டியாக ஒரு ரிப்பன் முடிச்சு இருந்தது. அத்தனை வருடமும் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"முயல் முடியில செஞ்சதும்மா. இந்தத் தையலப் பாத்தா வெள்ளக்காரன் காலத்துது. உங்கப்பாவவிட இதுக்கு வயசு ஜாஸ்தி."

இன்னும் சரியாகச் சொல்ல அளவுச் சீட்டு இருக்கும் என்று தோல் பட்டையை வெளியே மடக்கினார். சீட்டு வரவில்லை. நீளவாக்கில் மடித்த செய்தித்தாள் துண்டு ஒன்று வந்தது. தலைக்குப் பெரிதாக இருந்தால் அப்படித் தாள் வைத்து இறுக்கிக்கொள்வார்களாம். பிரித்தார். வரிசை வரிசையாக எண்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுப் பக்கம். ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். எனக்கு என் வண்டி நம்பரே ஞாபகம் இருக்காது. ஆனால் அந்த எண் என்னுடையது என்று தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

தாள் முழுக்கப் பழுப்பேறி, மடிப்பில் தோலின் கறை ஏறிப் போயிருந்தது. "ஒரு நாள் ரெண்டு நாள் வேர்வை இல்லம்மா இது. வருஷக் கணக்கா ஊறியிருக்கு" என்றார் பெரியவர்.

நான் வேண்டாம் என்று சொன்னது ஒன்பதாவதில். இந்தத் தாள் பத்தாவதுக்குப் பிறகு வந்தது.

கடை வாசலிலிருந்தே அண்ணனுக்குப் போன் செய்தேன். "நைனா தொப்பிய வுடல. அப்பறமும் போட்டுனுதான் இருந்திருக்காரு."

அண்ணன் மெதுவாகச் சொன்னார். "தெருமுனைல சைக்கிள நிறுத்தி, பையில இன்னாவோ சொருவுவாரு பாப்பா. தெனமும். வெத்தலப் பொட்டலம்னு நெனச்சிட்டேன்."

நைனா இறந்து இத்தனை வருடத்தில் அண்ணன் என்னிடம் அவ்வளவு தணிவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

சரிசெய்யும் வழியைப் பெரியவரே சொல்லிக்கொடுத்தார். அண்ணன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தேன். மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டினேன். தோல் பட்டைக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து முடியைச் சேகரித்து, பசை தொட்டு ஓட்டைகளில் அடைத்தேன். முதல் ஓட்டை எலி கடித்துத் துப்பியதுபோல் வந்தது, நான்காவது பரவாயில்லை. இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்து, நசுங்கிய தொப்பியை ஆவியில் காட்டினேன். உள்ளே கையை விட்டு மெல்லத் தள்ளத் தள்ள, அது தலை அளவுக்கு எழுந்து வந்தது.

அப்போதுதான் அந்த வாசனை கிளம்பியது. தேங்காயெண்ணெய், பீடி, வேர்வை, காக்கித் துணி. நைனா குனிந்து சைக்கிளில் என்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது முகத்தில் அடிக்கும் வாசனை. சமையலறை முழுக்க நின்றது.

"சீக்கிரம் இங்க வாயேன், நைனா வாசன வருது" என்று கத்தினேன்.

அண்ணனுக்கு முழங்கால் வலி. டிவியை அணைத்து, சுவரைப் பிடித்து, எழுந்து வந்து சேர்ந்தார். குண்டான்மேல் குனிந்து மூச்சை இழுத்தார்.

"இன்னா பாப்பா? ஆவிதான வருது."

நானும் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஆவிதான் வந்துகொண்டிருந்தது. அடுப்பைக் கூட்டி, தொப்பியை இன்னும் இரண்டு முறை காட்டினேன். அண்ணன் போகாமல் பக்கத்திலேயே நின்றார். பிறகு நான் அடுப்பை அணைத்தேன்.